வியாழக்கிழமைப் பாடம்

தெருவில் எந்தப் பிள்ளையாவது "யம்மா" என்று கத்தினால் சுத்துக்கேணி மேலத்தெருப் பெண்கள் எல்லாரும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள். வரட்டி தட்டுகிறவள் சாணிக்கையோடு திரும்புவாள். முறத்தில் புடைத்துக்கொண்டிருப்பவள் புடைப்பதை நிறுத்துவாள். தன் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி வேலையில் குனிந்துகொள்வாள். மணியம்மாள் மட்டும் திரும்பியதில்லை. முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. தங்கிய ஒரே பெண் அமுதத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாயும் பேசாது. பின்னாலிருந்து தன்னைக் கூப்பிட யாரும் இல்லை என்பது மணியம்மாளின் கழுத்துக்கே தெரிந்திருந்தது. எந்தக் கத்தலுக்கும் அது அசையாது.

அதற்காக அமுதம் பேசாத பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. அவள் கையால் பேசினாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. அவளும் அவள் அப்பன் தணிகைவேலும் கழனியில் வேலை செய்துகொண்டே உண்டாக்கிக்கொண்டது அது. தணிகைவேல் கிணற்று மேட்டில் மாடு கட்டிக் கவலை ஏற்றம் ஓட்டுவான். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து அவனும் சறுக்கிக்கொண்டு இறங்குவான். கிணற்றிலிருந்து சால் நிறைய தண்ணீர் மேலேறி வாய்க்காலில் கொட்டும். வாய்க்காலின் கோடியில், கேழ்வரகுப் பாத்திகளுக்கு நடுவே, அமுதம் சின்ன மண்வெட்டியோடு நிற்பாள். மற்றவர்கள் வயலில் இங்கிருந்து அங்கே தொண்டை கிழியக் கத்தவேண்டும். இவர்களுக்கு அது வேண்டாம். அவன் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் இந்த மடையை அடை என்று அர்த்தம். மலர்த்திக் காட்டினால் அடுத்ததைத் திற. நடுவில் அவள் வயிற்றைத் தடவிக் காட்டி முகவாயைத் தூக்குவாள், பசிக்கிறதா என்று கேட்பாள். அவன் உதட்டைப் பிதுக்கி, கூழ் வரட்டும் என்பான்.

ஆட்களுக்கும் பெயர் உண்டு அதில். மேலுதட்டில் மீசையை முறுக்கினால் அப்பா. மூக்கின் பக்கத்தில் மூக்குத்தி இருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்தால் அம்மா. கன்னத்தை உப்பிக்கொண்டு இடுப்பில் கை வைத்தால் அத்தை ருக்குமணி. தணிகைவேலின் அக்கா அவள். புருஷன் செத்த பிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். தன் பெயரை அமுதம் எப்படிச் சொல்கிறாள் என்று தெரிந்த அன்று முழுவதும் முறைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவளே கன்னத்தை உப்பிக் காட்டி, "நான் இத்தினி குண்டாவாடி இருக்கறேன், ஊமக்கோட்டான்?" என்று கேட்டு, பிள்ளைக்கு ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்தாள்.

மணியம்மாளுக்கும் அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் விரல் ஓயாமல் பேசுவாள். வில்லியனூர்ச் சந்தையிலோ தேர்த் திருவிழாவிலோ பிள்ளை கையை ஆட்டிக் கேட்கும்போது மட்டும், சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை முதுகில் படும். அப்போது அவள் பிள்ளையின் இரண்டு கைகளையும் தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொள்வாள். அமுதம் என்னவோ விளையாட்டு என்று நினைத்து, சேலைக்குள்ளேயே விரலை ஆட்டிச் சிரிப்பாள். மணியம்மாள் சிரிக்கமாட்டாள்.

ஊரார் பிராஞ்சு முறையில் 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிட்ட தனிஸ்லாஸ் வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். தணிகைவேல் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுத நிலம் அவருடைய அப்பாவுடையது. வில்லியனூர் மாதா கோயில் தெருவில் வீடு. முசே சின்ன வயதிலேயே கப்பலேறிப் போனவர். பிராஞ்சு தேசத்தில் ஒரு பெரிய சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். காது கேளாதவர்களை, திக்குகிறவர்களை, நாக்கு எழும்பாதவர்களைப் பேசவைக்கிற படிப்பு அவருடையது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிக் கிடந்ததால் லீவில் வந்திருந்தார். மற்றவர்களைப் பேசவைக்கிற மகன் வந்தும் அப்பா பேசாமலே போய்ச் சேர்ந்தார் என்று ஊரில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள்.

நிலத்தைப் பார்க்க சைக்கிளில் வந்தவர், கிணற்று மேட்டுக்கும் பாத்திக்கும் நடுவே பறக்கிற கைகளைப் பார்த்துவிட்டார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வெகுநேரம் நின்றார். அமுதம் அவரைப் பார்த்தாள். மூக்கின் மேல்தண்டை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டு அப்பனிடம் காட்டினாள். முசேயின் மூக்குக்கண்ணாடி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவே அவர் பெயராகிவிட்டது.

முசே சிரித்தார். பிறகு குனிந்து அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

அன்று சாயங்காலம் தணிகைவேல் வீட்டு வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். "தணிகைவேலு, இந்தப் பொண்ணுக்குத் தொண்டை நல்லா இருக்கு. நாக்கு நல்லா இருக்கு. காது மட்டுந்தான் இல்ல. இவளைப் பேசவைக்கலாம்" என்றார்.

"பேசுதுங்களே" என்றான் தணிகைவேல்.

"நான் சொல்றது வாயால."

அடுப்படியிலிருந்து மணியம்மாள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஊதுகுழல் கையிலேயே இருந்தது. "அம்மான்னு சொல்லுமா சாமி?" என்று கேட்டாள். அந்த மனுஷரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அம்மாதாம்மா முதல்ல சொல்லும். உதட்டை மூடித் திறந்தாலே வர்ற சொல்லு. அம்மா, அப்பா ரெண்டும் சுலபம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்ணு இருக்கு. வீட்டுல யாரும் இவகிட்ட கையால பேசக்கூடாது. இவளும் பேசக்கூடாது. கைல வேலை முடிஞ்சுபோச்சுன்னா வாய் ஏன் கஷ்டப்படப் போவுது? அங்கெல்லாம் கையை மறக்கடிச்சுட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்போம்."

அவர் போன பிறகு தணிகைவேல் கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டே சொன்னான். "கழனியில இன்னாத்தடி செய்யறது? வாயால கத்துனா அதுக்குக் கேக்குமா? கண்ணு எட்டுற தொலவுக்கு எட்டுது எங்க பேச்சு. அத்தப் போயி வாணாங்கறாரு."

"நெலம் அவுருது. வாணான்னு சொல்லிட முடியுமா ஒன்னால?"

"நெலத்துக்காவாடி சொல்ற நீ?"

மணியம்மாள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். நிலத்துக்காக இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரிந்தது.

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் முசே வந்தார். பட்டணத்துப் பிராஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு வியாழன் விடுமுறை. அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு தோல்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி, மெழுகுவத்தி, கோழி இறகு, ஒரு டப்பாவில் வெள்ளைச் சர்க்கரை. முதல் நாள் பாடத்திலேயே மணியம்மாளிடம் பழைய சேலைக்கரை ஒன்றைக் கிழித்து வாங்கி, அமுதத்தின் கைகளை முதுகுக்குப் பின்னால் தளர்வாகக் கட்டினார். இறுக்கமாக இல்லை. பிள்ளை நினைத்தால் உருவிக்கொள்ளலாம். "கட்டு இல்ல இது, ஞாபகம்" என்றார்.

பிள்ளையின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து "ம்ம்ம்" என்பார். பிறகு அதே கையை அவள் தொண்டையில் வைப்பார். மெழுகுவத்திச் சுடர் முன்னால் "ப்பா" என்று ஊதுவார், சுடர் துடிக்கும். மேலுதட்டில் சர்க்கரையைத் தடவி, நாக்கை மடக்கி நக்கவைப்பார். சரியாக வந்தால் நாக்கில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை. பொறுமையான மனுஷர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை, உயர்த்தினாலும் பிள்ளைக்குக் கேட்கப்போவதில்லை என்றாலும்.

முதலில் வந்த சத்தத்தைக் கேட்டு வேலிக்கு அப்பால் இருந்த மாடு திரும்பிப் பார்த்தது. தேய்ந்த கிணற்று உருளையில் கயிறு இழுபடுவதுபோல ஒரு ஓசை.

"ஐயோ, இன்னாடி இது, கன்னுக்குட்டிய யாரு அறுக்கறாங்க?" என்று ருக்குமணி வேலியில் எட்டிப் பார்த்தாள். "நல்லா சிரிச்சிக்கினு கெடந்த பொண்ணு. அதப் போயி..."

"நீ சும்மா இரு அண்ணி."

"நான் சும்மா இருக்கறேம்மா. நீதான் சும்மா இருக்கமாட்ற."

கையை மறக்கடிக்கிற வேலை மற்ற நாட்களில் மணியம்மாளுடையது. பிள்ளை தண்ணீர் கேட்டுக் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோகும். மணியம்மாள் அந்தக் கையைத் தட்டிவிடுவாள். வலிக்காத அடி. ஈ ஓட்டுகிற அளவு. பிள்ளை திகைத்துப் பார்க்கும். மறுபடி கை எழும். மறுபடி தட்டுவாள். பிறகு குனிந்து தன் உதட்டைக் காட்டி "தண்ணி, தண்ணி" என்பாள். அமுதம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அங்கே ஏதோ பூச்சி உட்கார்ந்திருப்பதுபோல. தாகத்தோடு போய்க் குடத்தில் தானே மொண்டு குடிப்பாள். இரவு படுத்த பிறகு, அன்று பகலில் எத்தனையோ சேதி இருந்திருக்கும், அத்தனையும் அந்த விரல்களுக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கும் என்று மணியம்மாளுக்குத் தோன்றும். தோன்றியதும் புரண்டு படுத்துக்கொள்வாள். எல்லாம் ஒரு சொல்லுக்கு. அது வந்துவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். யாரிடமிருந்து யாருக்கு என்று நினைத்துப் பார்க்கவில்லை.

கழனியில் மட்டும் ஒப்பந்தம் நடக்கவில்லை. ஒருநாள் கூழ் எடுத்துக்கொண்டு போனவள் வரப்பிலிருந்து பார்த்தாள். கிணற்று மேட்டிலிருந்து தணிகைவேல் மீசையை முறுக்கி, தொப்பையைத் தடவி, தள்ளாடிக் காட்டுகிறான். பாத்தியில் அமுதம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் கைகள் பதிலுக்குப் பறக்கின்றன. வீட்டில் செத்துக் கிடந்த கைகள்.

மணியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முசேக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டதற்காக இல்லை. அவர்கள் இருவரும் தன்னை வெளியில் வைத்துவிட்டுச் சிரித்ததற்காக. கூழ்ப்பானையை வரப்பில் வைத்துவிட்டு நேரே பாத்திக்குள் இறங்கி, இரண்டு கைகளையும் பளீரென்று அடித்தாள். அந்த ஒரு தடவைதான் வலிக்க அடித்தது.

தணிகைவேல் வடத்திலிருந்து குதித்து வந்தான். "இன்னாடி பண்ற? பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு?"

"நீ இப்பிடிக் கெடுத்துக்கினே இருந்தா அது எப்பப் பேசும்? ஒனக்கு இன்னா, ஒன்ன ஆருன்னா கூப்புடலியேன்னு இருக்குதா? நாளைக்கு அது இன்னொருத்தன் வூட்டுக்குப் போவணும்."

"போற வூட்டுல நாலு பேரு கைப்பேச்சக் கத்துக்கட்டுமே. நான் கத்துக்கல?"

"கத்துப்பானுங்க, ஒன்ன மாதிரி வேலவெட்டி இல்லாதவனுங்க!"

அடிபட்ட கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிள்ளை இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அவன் சொன்னான், ரொம்ப மெதுவாக. "சரிடி. நீ கூப்புட வெச்சிக்க." திரும்பிப் போய் மாட்டை ஓட்டினான். வடம் ஒரு இடத்தில் பிரி விட்டிருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த சந்தையில் மாற்றவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து கழனியிலும் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மடை மாற்றவேண்டுமானால் அவன் மேட்டிலிருந்து இறங்கி அவளருகில் நடந்து வரவேண்டியிருந்தது.

மாசி மாதத்தில் அமுதத்துக்கு இரண்டு சொல்லும் படிந்தது. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து முசே உதட்டைத் தொட்டால் "அம்மா" என்பாள், கன்னத்தைத் தொட்டால் "அப்பா" என்பாள். அடியில் கரகரத்து மேலே கீச்சிடுகிற குரல். இருந்தாலும் சொல் சொல்தான். முசே மகிழ்ச்சியில் பிள்ளையின் நெற்றியில் முத்தம் வைத்தார். "ஆனா மணியம்மா, இது இன்னும் பேச்சு ஆவல" என்றார். "நான் தொட்டா வருது, சர்க்கரைக்கு வருது. அவளாத் தேடிவந்து, ஆளைப் பார்த்துச் சொல்லணும். அப்பத்தான் பேச்சு. அதுக்குள்ள எனக்குக் கப்பல் வந்துடும்போல இருக்கு. யுத்தம் வரும்னு பட்டணத்துல பேசிக்கறாங்க." டப்பாவை அவளிடமே விட்டுப்போனார். "தினமும் சொல்ல வைங்க. கை கூடாது, அத மட்டும் விட்டுடாதீங்க."

அந்த வாரத்தில் ஒருநாள் காலை மணியம்மாள் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஊறவைத்த நெல் அண்டாவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உமியைப் பிடிபிடியாக அள்ளி அடுப்பில் வீசவேண்டும், தீ ஒரே சீராக எரியவேண்டும், நெல் வாய் பிளந்த நேரத்துக்கு இறக்கவேண்டும். அந்தப் பதத்தை விட்டால் அரிசி கறுத்துப்போகும். ஏற்கெனவே அவித்துக் கொட்டியதை ருக்குமணி காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. "அம்மா."

மணியம்மாள் திரும்பவில்லை. பிடி உமியை அடுப்பில் வீசினாள்.

"அம்ம்மா."

"ஏ மணி" என்றாள் ருக்குமணி. காலால் கிளறுவதை நிறுத்தியிருந்தாள். "ஒன்னத்தான்டி கூப்புடுது."

மணியம்மாள் திரும்பினாள். வேலி இடுக்கில் அமுதம் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. கூந்தல் முகத்தில் ஒட்டியிருந்தது. ஓடிவந்த மூச்சில் மார்பு ஏறி இறங்கியது. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால், சொல்லிக் கொடுத்தபடியே.

"அம்மா" என்றாள் மூன்றாவது தடவை, அவள் முகத்தைப் பார்த்து.

மணியம்மாள் ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். "சொல்லுடி. என் கண்ணு. இன்னொருவாட்டி சொல்லு."

அமுதம் அவள் பிடியிலிருந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்து, உதட்டை அழுத்தி வெடித்தாள். "அப்பா."

"ஐயோ, அப்பாவும் வருதே! அண்ணி, கேட்டியா?"

"அப்பா. அப்பா. அம்மா, அப்பா."

மணியம்மாள் வீட்டுக்குள் ஓடி டப்பாவை எடுத்துவந்தாள். ஒரு சிட்டிகை போதாது என்று விரல் நிறைய அள்ளி நாக்கில் வைத்தாள். பிள்ளை துப்பியது. சர்க்கரை முகவாயில் வழிந்தது. மறுபடி வைத்தாள். "கெட்டியா சொல்லு. தெருவுக்கே கேக்கட்டும்." ருக்குமணி அதற்குள் தெருவில் நின்று, "அடியே, வாங்கடி, ஊமச்சி பேசுது!" என்று கூப்பிட்டுவிட்டாள். நாலைந்து பெண்கள் இடுப்புப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள்.

"எங்க, இவுங்களுக்கு ஒருவாட்டி சொல்லு."

"அப்பா" என்றாள் அமுதம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு கையை முன்னால் கொண்டுவந்தாள். அந்தக் கை மேலுதட்டை நோக்கி எழுந்தது.

மணியம்மாள் அதைத் தட்டிவிட்டாள். "கை கூடாது."

கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பிள்ளை தோளால் அவள் இடுப்பை முட்டியது, வேலிப்பக்கம் தள்ளியது. இன்னும் சர்க்கரை கேக்குது பாரு என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மணியம்மாளும் சிரித்தாள். அண்டாவில் நெல் அடிப்பிடித்து, தீய்ந்த வாடை கொல்லை முழுவதும் பரவியது. அப்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலியைத் தாண்டிக் குதித்து வந்தவன் பக்கத்துக் கழனி இருசப்பன். வேட்டியெல்லாம் ரத்தம். "இங்க இன்னா கூத்து பண்றீங்க? ஆளு அங்க செத்துக்கினு கெடக்கறாரு. பொண்ணு வந்து சொல்லல?"

தணிகைவேலைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வடம் அறுந்திருந்தது. மாடு சரிவில் இறங்கும்போது, மேலே உட்கார்ந்திருந்தவனை அது சுண்டி வீசியிருந்தது. கிணற்று மேட்டுக் கல்லில் பின்மண்டை. மணியம்மாள் தொட்டபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

கருமாதிவரைக்கும் இருசப்பன் வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். "மாடு நொகத்தடியோட என் கொல்லைக்குள்ள பூந்துச்சி. அதுக்கப்பறந்தான் ஓடனேன். உசுரு இருந்துது. தண்ணி கேட்டாரு. வாய்க்கால்ல மொண்டு குடுத்தேன், உள்ள எறங்கல. ரெண்டு வெரல மூக்குகிட்ட வெச்சிக்கினே இருந்தாரு. ரத்தத்தத் தொடைக்கறாரோ, ஈ ஓட்டறாரோன்னு நெனச்சேன். எடுத்துவுட்டா திரும்பியும் அங்கயே வெக்கிறாரு."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மணியம்மாள் சுவரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை, முந்திய நாள்தான் கழற்றியிருந்தார்கள். அந்த ஓட்டை இருந்த இடம் மட்டும் சின்னதாக அரித்தது. தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். முதலில் பிள்ளையிடம் கையால் சொல்லியனுப்பியிருக்கிறான். போன பிள்ளை வரக்காணோம் என்று பிறகு எதிரில் வந்தவனிடமும் சொல்லியிருக்கிறான். யாரிடமும் இதைச் சொல்லி அழ அவளால் முடியவில்லை. சொன்னால் அந்த விரலுக்கு அர்த்தம் சொல்லவேண்டும்.

மற்றதை ருக்குமணி சொல்லிவிட்டாள். தம்பியை இழந்தவள், தெருவுக்கே சொன்னாள். "அது அப்பா அப்பான்னு கதறுது, இவ சக்கர ஊட்டறா. நானுந்தான் நின்னு பாத்தேன் பாவி." பிறகு குரல் இறங்கும். "நான்தானே ஊர வேற கூப்புட்டேன்."

அமுதம் மாட்டுக்கொட்டகை மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறக்கவில்லை. கையும் எழவில்லை. சோற்றை வைத்தால் தின்றாள்.

முசே வந்தது ஒரு வியாழக்கிழமை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நாற்காலி போட ஆள் இல்லை.

"பட்டணத்துல கப்பல் வேலையா இருந்துட்டேன். நேத்துதான் கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன்" என்றார். "அவளுக்குத் தெரியுமா?"

"அதுதான் மொதல்ல பாத்துச்சி முசே" என்றாள் ருக்குமணி. நடந்ததை அவளே சொன்னாள். ஓடிவந்தது, கூப்பிட்டது, அப்பா அப்பா என்றது, சர்க்கரை, தெருப்பெண்கள், ஒன்றும் விடவில்லை.

முசே தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் நிமிர்ந்தார். "இருங்க. இருங்கம்மா. அவளாவா சொன்னா? நீங்க யாரும் சொல்லச் சொல்லலியே?"

"இல்ல முசே."

"கண்ணாடி இல்ல, நானில்ல. ஓடிவந்திருக்கா, ஆளைத் தேடி அம்மான்னு கூப்பிட்டிருக்கா. அப்புறம் அப்பான்னு..." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "மணியம்மா, ஒங்களுக்குப் புரியுதா? அது பாடம் ஒப்பிச்சது இல்ல. அது பேச்சு. நான் சொன்னேனே, அந்தப் பேச்சு. வந்துடுச்சு."

எதிர்வீட்டில் யாரோ உலக்கை போடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முசே கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே கையில் வைத்துக்கொண்டார். காது சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றார்.

"புரியுதுங்க முசே" என்றாள் மணியம்மாள்.

போவதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டார். அமுதத்தைக் கொட்டகையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவர் பையைத் திறந்ததும் அவள் கைகள் தானாகப் பின்னால் போயின. சேலைக்கரைகூட வேண்டியிருக்கவில்லை. முகக்கண்ணாடியைக் காட்டினார், உதட்டைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார். மூடிய வாய் மூடியபடியே இருந்தது. சர்க்கரையை விரலில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. விரல் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பியது.

"அதிர்ச்சி. சரியாப்போயிடும்" என்றார் எழுந்துகொண்டே. "விட்டுடாதீங்க. கையை மட்டும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சைக்கிளை நிமிர்த்தியபோது சொன்னார். "அங்க என் மாணவங்களுக்கு இவளைப் பத்திச் சொல்லுவேன் மணியம்மா."

"இன்னான்னு சொல்லுவீங்க?"

அவர் யோசித்தார். ஏமாற்றத் தெரியாதவர். "பேசினான்னு சொல்லுவேன்."

மணியம்மாளின் வாய்வரை ஒரு பேச்சு வந்தது. அதைச் சொல்லிவிட்டால் இந்த மனுஷர் கப்பலில் போகும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு போவார். ஆனால் நிலம் அவருடையது. அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு இருசப்பனிடம் போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. குடியிருக்கும் மனைக்கட்டும் அவருடையதுதான்.

"வண்டிப்பாதைல சேறா இருக்குது, பாத்துப் போங்க" என்றாள்.

சைக்கிள் திரும்பி மறைந்தது. ருக்குமணி எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். அடுப்படியில், தீய்ந்துபோன அந்த நெல்லைக் குத்திய அரிசிதான் உலையில் கொதித்துக்கொண்டிருந்தது. கறுத்த அரிசி. வீணாக்க முடியாது. தினமும் அதைத்தான் பொங்கினாள், அது முடியும்வரை அதைத்தான் தின்னவேண்டும்.

மணியம்மாள் மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். எவ்வளவோ நாளாக எழாத தன் வலது கையை எழுப்பி, மேலுதட்டுக்குக் கொண்டுபோய், இல்லாத மீசையை முறுக்கினாள். அப்பா. பிறகு மூக்கோரத்தில் இரண்டு விரலை வைத்தாள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். எனக்குத் தெரியும். அடுத்ததற்குக் கையில் சொல் இல்லை. அவர்கள் அதை உண்டாக்கியிருக்கவில்லை. விரல்கள் காற்றில் நின்றன.

அமுதம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வலிக்காத அடி. ஈ ஓட்டுகிற அளவு.

மணியம்மாள் மறுபடி மீசையை முறுக்கினாள். அமுதம் மறுபடி தட்டினாள். பிறகு முன்னால் நகர்ந்து வந்து, அம்மாவின் இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். திரும்ப எதிரில் உட்கார்ந்து, தன் கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மணியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.